20 எச்.பி. வேண்டாம்: கட்டடத்துக்கும் ஆலைக்கும் பம்ப் தேர்ந்தெடுப்பது, ஓட்டுவது

கேள்வி இது: "எட்டு மாடி வணிகக் கட்டடம். கீழே உள்ள சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 15 எச்.பி. பம்ப் ஓடுகிறது. தகட்டில் மணிக்கு 30 கன மீட்டர், ஹெட் 60 மீட்டர் என்று இருக்கிறது. ஓடும்போது கூழாங்கல் உருளுவது போலச் சத்தம். நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை சீல் போகிறது. வோல்டேஜ் குறையும் நாளில் ட்ரிப் ஆகிறது. சக்தி போதவில்லை, 20 எச்.பி. போடுங்கள் என்கிறார்கள். பக்கத்து ஆலைப் பிரிவின் குளிரூட்டும் நீருக்கும் பம்ப் வாங்க வேண்டும். எப்படித் தேர்ந்தெடுப்பது?"

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பம்ப் சிறியது என்பதால் கஷ்டப்படவில்லை. பெரியது என்பதால்தான் கஷ்டப்படுகிறது. 20 எச்.பி. போட்டால் சத்தம் கூடும், சீல் இன்னும் சீக்கிரம் போகும். ஏன் என்று கணக்கோடு காட்டுகிறேன். (ஹெட் என்பது பம்ப் தரும் அழுத்தத்தை, அது எத்தனை மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம் என்று சொல்வது. சீல் என்பது பம்பின் சுழலும் தண்டான ஷாஃப்ட் வழியே நீர் கசியாமல் தடுக்கும் அடைப்பு.) அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் ஆலைக்கு வாங்குவதும் எளிது.

பலரும் பம்ப் என்றால் "இத்தனை லிட்டர் தள்ளும் இயந்திரம்" என்று நினைக்கிறார்கள். சென்ட்ரிஃபியூகல் பம்ப், அதாவது இம்பெல்லர் என்ற சக்கரத்தைச் சுழற்றி நீரை வெளிநோக்கி வீசும் பம்ப், அப்படி வேலை செய்வதில்லை. எதிர்ப்பு அதிகமானால் குறைவாகத் தள்ளும், எதிர்ப்பு குறைந்தால் அதிகமாகத் தள்ளும். தயாரிப்பாளர் தரும் வளைகோடு இதைத்தான் காட்டுகிறது: இடது ஓரத்தில் வால்வு மூடிய நிலை, அங்கே ஹெட் உச்சம், ஓட்டம் பூஜ்யம், வலப்புறம் போகப் போக ஓட்டம் கூடும், ஹெட் இறங்கும். குழாய்க்கும் ஒரு வளைகோடு உண்டு. தண்ணீர் ஏற வேண்டிய உயரம் ஒரு பங்கு, அது ஓட்டம் எவ்வளவானாலும் மாறாது. குழாய் உராய்வு இன்னொரு பங்கு, அது ஓட்டத்தின் வர்க்கமாகக் கூடும். ஓட்டம் இரட்டித்தால் உராய்வு நான்கு மடங்கு. இந்த இரண்டு வளைகோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பம்ப் ஓடும். தகட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அந்த வெட்டுப் புள்ளியைத் தீர்மானிப்பதில் பாதிப் பங்கு குழாயுடையது.

சரி, உங்கள் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 1,20,000 லிட்டர் தேவை, நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று வைத்தால் மணிக்கு 30 கன மீட்டர். சம்ப்பில் தண்ணீர் தாழ்ந்திருக்கும் மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் வாய் வரை 32 மீட்டர் என்று கொள்வோம். 80 மில்லிமீட்டர் குழாய், நீளம் 70 மீட்டர். எல்போ, வால்வு எல்லாம் சேர்த்து இன்னொரு 30 மீட்டர் குழாய்க்குச் சமம். 30 கன மீட்டர் ஓடும்போது வேகம் விநாடிக்கு 1.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, உராய்வு ஏறக்குறைய 4 மீட்டர். ஆக மொத்தம் 36 மீட்டர். குழாய் உள்ளே கொஞ்சம் கரடு தட்டும் என்பதற்காக 38 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு மீட்டரும் தேவையில்லை.

பிறகு 60 மீட்டர் எங்கிருந்து வந்தது? என் அனுபவத்தில் இது எப்போதும் ஒரே கதைதான். வடிவமைத்தவர் பாதுகாப்புக்கு 15 சதவீதம் சேர்ப்பார். அதைச் சரிபார்த்தவர் இன்னொரு 15 சேர்ப்பார். விற்பவர் தன் பங்குக்கு 10. 38 மீட்டர் 55 ஆகிவிடும். பட்டியலில் 55-க்குப் பம்ப் இல்லை, அடுத்தது 60. யாரும் தவறு செய்யவில்லை, எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்தார்கள், ஆனால் கட்டடத்துக்குப் பொருந்தாத பம்ப் வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது அந்த 60 மீட்டர் பம்பை 36 மீட்டர் எதிர்ப்புள்ள குழாயில் மாட்டினால் என்ன ஆகும்? எதிர்ப்பு போதாததால் அது தன் வளைகோட்டில் வலப்புறம் ஓடிவிடும். வால்வு மூடிய நிலையில் 70 மீட்டர் தரும் பம்ப் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மணிக்கு 50 கன மீட்டர் வாக்கில், 43 மீட்டர் ஹெட்டில் வந்து நிற்கிறது. 30-க்கு வாங்கிய பம்ப் 50 தள்ளுகிறது. தண்ணீர் சீக்கிரம் நிறைகிறதே, நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒவ்வொரு பம்புக்கும் திறன் உச்சமாக இருக்கும் ஓர் ஓட்டம் உண்டு. அந்த இடத்தில் இம்பெல்லரைச் சுற்றி அழுத்தம் சமமாக இருக்கும், ஷாஃப்ட்டின் மேல் பக்கவாட்டு விசை குறைவு. அதிலிருந்து இரண்டு பக்கமும் விலக விலக அந்த விசை கூடும், ஷாஃப்ட் நுண்ணிய அளவில் வளையும், சீலின் முகங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாமல் தேயும், பேரிங் சூடாகும். உச்சத் திறன் ஓட்டத்தின் 70 முதல் 120 சதவீதத்துக்குள் ஓட்டச் சொல்வது இதனால்தான். உங்கள் பம்பின் உச்சத் திறன் தகட்டில் உள்ள 30 கன மீட்டருக்கு அருகில் என்றால், நீங்கள் 165 சதவீதத்தில் ஓட்டுகிறீர்கள். சீல் போவதற்கு சீல் தயாரித்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மோட்டாரும் அப்படித்தான். இந்த வகைப் பம்பில் ஓட்டம் கூடினால் சக்தியும் கூடும். அந்தப் புள்ளியில் பம்பின் திறன் 55 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் ஷாஃப்ட்டில் 10.5 கிலோவாட் கேட்கும். 15 எச்.பி. என்பது 11 கிலோவாட். எல்லையை உரசிக்கொண்டு ஓடும் மோட்டார் வோல்டேஜ் சரிந்தால் ஆம்ப் கூடி ட்ரிப் ஆகத்தான் செய்யும்.

அப்புறம் அந்தக் கூழாங்கல் சத்தம். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பம்ப் பிரச்சினைகளில் பாதி சக்ஷன் பக்கத்தில்தான், அதாவது பம்புக்குள் நீர் வரும் பக்கத்தில்தான், பிறக்கின்றன.

பம்ப் தண்ணீரை "இழுக்கிறது" என்கிறோம். உண்மையில் தண்ணீரை யாரும் இழுக்க முடியாது. பம்ப் தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. சம்ப்பின் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சக்ஷன் பம்புகள் 18 முழத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்று கலிலியோ 1638-இல் வெளியான நூலில் எழுதினார். காரணத்தைப் பிடித்தவர் அவருடைய கடைசி நாட்களில் உடனிருந்த டாரிசெல்லி: நாம் காற்றுக் கடலின் அடியில் வாழ்கிறோம் என்று 1644-இல் கடிதம் எழுதினார். அந்தக் கடலின் எடை, கடல் மட்டத்தில், 10.3 மீட்டர் தண்ணீருக்குச் சமம். நம் கையில் இருக்கும் முதல் அவ்வளவுதான். மேலே போகப் போக அதுவும் குறையும். 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆலைக்கு 8 மீட்டரைச் சற்றுத் தாண்டித்தான் கிடைக்கும்.

இந்த முதலிலிருந்து செலவுகளைக் கழித்துப் பாருங்கள். 30 டிகிரி தண்ணீர் ஆவியாகாமல் இருக்க 0.4 மீட்டர். சம்ப் மட்டத்துக்கும் பம்புக்கும் இடையே 4 மீட்டர். சக்ஷன் குழாய், ஃபுட் வால்வு (குழாயின் அடியில் நீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு), எல்போ உராய்வு 1 மீட்டர். மிச்சம் 4.9 மீட்டர். இதுதான் பம்பின் வாயில் கிடைக்கும் நிகர சக்ஷன் ஹெட், சுருக்கமாக என்.பி.எஸ்.எச். பம்புக்கு எவ்வளவு தேவை என்பதைத் தயாரிப்பாளரின் வளைகோடு சொல்லும். 30 கன மீட்டரில் 2.5 மீட்டர் என்றால் தாராளமாகப் போதும். ஆனால் 50 கன மீட்டரில் சக்ஷன் உராய்வு 1 மீட்டரிலிருந்து 2.8 ஆகிறது, கிடைப்பது 3.1-க்கு இறங்குகிறது. அதே நேரத்தில் பம்பின் தேவை 5 மீட்டர் வரை ஏறியிருக்கும். வரவு குறைந்து செலவு கூடிவிட்டது. அழுத்தம் போதாத இடத்தில் தண்ணீர் அந்தச் சாதாரணச் சூட்டிலேயே கொதித்து, நுண்குமிழிகள் உண்டாகி, இம்பெல்லருக்குள் அழுத்தம் கூடும் இடத்துக்குப் போனதும் நசுங்கி வெடிக்கின்றன. ஒவ்வொரு குமிழியும் ஒரு சின்னச் சுத்தியல். சில மாதங்களில் வெண்கல இம்பெல்லர் கறையான் அரித்த மரம் போல் ஆகிவிடும். இதைத்தான் கேவிட்டேஷன் என்கிறோம்.

தயாரிப்பாளர் எழுதும் என்.பி.எஸ்.எச். எண்ணில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹெட் 3 சதவீதம் விழுந்துவிடும் நிலையைத்தான் அந்த எண் குறிக்கிறது. அதாவது அந்த இடத்தில் கேவிட்டேஷன் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கும். ஆகவே தேவை 2.5 என்றால் கிடைப்பது 2.6 இருந்தால் போதும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். குறைந்தது ஒரு மீட்டராவது கூடுதலாக வையுங்கள். ஹெட்டில் வீணாகச் சேர்க்கும் அந்தப் பாதுகாப்பை இங்கே சேர்த்தால் பம்ப் உங்களை வாழ்த்தும். வெந்நீர் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: 80 டிகிரியில் ஆவியழுத்தமே ஏறக்குறைய 5 மீட்டரைத் தின்றுவிடும். கொதிகலனுக்கு நீர் ஊட்டும் தொட்டியைப் பம்புக்கு மேலே உயரத்தில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

சத்தம் கேவிட்டேஷனால்தானா, காற்று உறிஞ்சுவதாலா என்று சந்தேகம் இருந்தால் டெலிவரி வால்வை, அதாவது நீர் வெளியேறும் பக்கத்து வால்வை, மெல்லக் கொஞ்சம் மூடிப் பாருங்கள். சத்தம் அடங்கினால் ஓட்டம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். அடங்காவிட்டால் சக்ஷன் ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்புத் தட்டு), க்ளாண்ட் (ஷாஃப்ட்டைச் சுற்றிய அடைப்பு), ஃபுட் வால்வு இவற்றில் காற்று நுழைகிறதா, ஃபுட் வால்வின் வலை அடைத்திருக்கிறதா என்று தேடுங்கள்.

சக்ஷன் குழாய் போடும் விதமும் முக்கியம். பம்பின் வாயைவிட ஓர் அளவு பெரிய குழாய், வேகம் விநாடிக்கு 1.5 மீட்டருக்கு மேல் போகாமல். குழாய் பம்பை நோக்கி மெல்ல ஏறிக்கொண்டே வர வேண்டும், நடுவில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும். குழாயின் அளவைக் குறைக்கும் இடத்தில் ஒருபக்கம் தட்டையான ரெட்யூசரைப் போட்டு, தட்டைப் பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும். பம்பின் வாயில் நேரடியாக எல்போவை மாட்டக் கூடாது. குழாயின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது நேர்க்குழாய் இருக்கட்டும். இடமில்லை என்று சொல்லித்தான் எல்லா இடத்திலும் இதை மீறுகிறார்கள். அந்த இடத்தை வரைபடத்திலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும், சுவர் எழும்பிய பிறகு கிடைக்காது.

சக்தி எவ்வளவு வேண்டும் என்பது இப்போது தானாக வந்துவிடும். கன மீட்டரையும் ஹெட்டையும் பெருக்கி 367-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போகும் கிலோவாட். 30 பெருக்கல் 38, வகுத்தல் 367, வருவது 3.1. பம்பின் திறன் 65 சதவீதம் என்றால் ஷாஃப்ட்டில் 4.8 கிலோவாட். 5.5 கிலோவாட் மோட்டார், அதாவது 7.5 எச்.பி. போதும். உங்களிடம் இருப்பது 15. கேட்பது 20.

"பெரிதாக வாங்கி வால்வை மூடி ஓட்டிக்கொள்ளலாமே" என்று கேட்பார்கள். முடியும். பம்புக்கு அது நல்லதுகூட. ஆனால் 30 கன மீட்டருக்குத் திருகினால் பம்ப் தரும் 60 மீட்டரில் 24 மீட்டர் அந்த வால்விலேயே எரிகிறது. மின்சாரத்தில் அது 3.5 கிலோவாட் வரும். நாளுக்கு நான்கு மணி நேரம் ஓடினாலே வருடத்துக்கு 5,000 யூனிட்டுக்கு மேல். பம்பின் வாழ்நாள் முழுவதும் கட்டும் மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால் வாங்கும் விலை சிறியது. ஒப்பந்தப் புள்ளிகளைப் பார்க்கும்போது விலைக்குப் பக்கத்தில் உங்கள் ஓட்டத்தில், உங்கள் ஹெட்டில் பம்பின் திறன் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி கேளுங்கள். உச்சத் திறன் எவ்வளவு என்று கேட்காதீர்கள், அது வேறு ஏதோ புள்ளியில் இருக்கும்.

குழாய் அளவையும் இதே கண்ணோடு பாருங்கள். உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிராகப் போகிறது. அதே ஓட்டத்துக்கு 80-க்குப் பதில் 100 மில்லிமீட்டர் போட்டால் 4 மீட்டர் உராய்வு 1.3 ஆகிவிடும், 65 போட்டால் 11-ஐத் தாண்டும். நீளமான குழாய் உள்ள ஆலையில் பம்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் குழாயைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இனி ஆலையின் குளிரூட்டும் நீர். இங்கே ஓட்டத்தை வெப்பம் தீர்மானிக்கிறது. எடுக்க வேண்டிய வெப்பம் 350 கிலோவாட், தண்ணீர் 5 டிகிரி சூடேறலாம் என்றால், 350-ஐ 1.163-ஆலும் 5-ஆலும் வகுத்தால் மணிக்கு 60 கன மீட்டர். ஹெட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மூடிய சுற்று என்றால் கட்டடம் எத்தனை மாடி என்பதற்கும் பம்ப் ஹெட்டுக்கும் தொடர்பே இல்லை. மேலே ஏறும் தண்ணீரின் எடையை இறங்கும் தண்ணீர் ஈடு செய்துவிடும், ராட்டினத்தின் இரண்டு பக்கத் தொட்டிகள் போல. குழாய் உராய்வும் வெப்பப் பரிமாற்றியின் அழுத்த இழப்பும் மட்டும் கூட்டினால் போதும். இதைத் தெரியாமல் 30 மீட்டர் கட்டட உயரத்தையும் சேர்த்து வாங்கிய பம்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன், எல்லாவற்றிலும் வால்வு முக்கால்வாசி மூடியிருக்கும். குளிரூட்டும் கோபுரம் என்றால் அடித்தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே தெளிக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கணக்கு. கோபுரம் மொட்டைமாடியில், பம்ப் தரைத்தளத்தில் இருந்தாலும் அப்படித்தான்.

வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின் கருவி) போடலாமா என்று அடுத்த கேள்வி வரும். வேகத்தைக் குறைத்தால் ஓட்டம் அதே விகிதத்தில் குறையும், ஹெட் வர்க்கமாக, சக்தி கனமாக. 80 சதவீத வேகத்தில் சக்தி 51 சதவீதம். உராய்வு மட்டுமே உள்ள மூடிய சுற்றில் இந்தச் சேமிப்பு ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். ஆலையில் சுமை மாறிக்கொண்டே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். ஆனால் உங்கள் மேல்தொட்டிப் பம்பில் 36-இல் 32 மீட்டர் வெறும் உயரம். சரியான அளவில் வாங்கிய பம்ப், வால்வு மூடிய நிலையில் 46 மீட்டர் தருகிறது என்று வைப்போம். 80 சதவீத வேகத்தில் அது 29 ஆகிவிடும். 32 மீட்டரை எட்டவே முடியாது. மோட்டார் சுற்றும், தண்ணீர் ஏறாது, உள்ளே இருக்கும் நீர் கடைந்து கடைந்து சூடாகும். ஏற்றிவிட்டு நிற்கும் பம்புக்குச் சரியான அளவும் ஒரே வேகமும் போதும்.

தொட்டி இல்லாமல் நேரடியாகக் குழாய்களுக்கு அழுத்தம் கொடுக்கும் பூஸ்டர் அமைப்பு வேறு. அங்கே காலையில் உச்சம், நள்ளிரவில் ஒரு குழாய். ஒரே பெரிய பம்ப் அங்கே உதவாது. இரண்டு மூன்று சிறிய பம்புகள், மாறும் வேகம், ஓர் அழுத்தத் தொட்டி. அந்தத் தொட்டியின் ரப்பர்ப் பைக்கு வெளியே உள்ள காற்றழுத்தம், பம்ப் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாக இருக்க வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டுத்தான் அதை அளக்க வேண்டும். காற்று போய்விட்டால் பம்ப் நிமிடத்துக்கு நான்கு முறை நின்று நின்று ஓடும், அதிலேயே மோட்டார் எரியும். இணையாக இரண்டு பம்புகள் ஓடினால் ஓட்டம் இரட்டிக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். குழாய் அதேதான், உராய்வு கூடும். உராய்வு மிகுந்த குழாயில் இரண்டாவது பம்ப் கால் பங்கு கூடத் தராமல் போவது உண்டு.

தீயணைப்புப் பம்பை இந்தக் கணக்குகளோடு கலக்காதீர்கள். அதற்குத் தனி விதிகள். பரவலாகப் பின்பற்றப்படும், அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 20 தரநிலைப்படி, குறித்த ஓட்டத்தின் 150 சதவீதத்திலும் குறித்த ஹெட்டில் 65 சதவீதமாவது தர வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த அதில் கை வைக்கக் கூடாது.

பொருள் பற்றிச் சுருக்கமாக: சாதாரண நன்னீருக்கு வார்ப்பிரும்பு உடல், வெண்கலம் அல்லது எவர்சில்வர் இம்பெல்லர். குளோரைடு மிகுந்த உப்புநீருக்கு 304 வகை எவர்சில்வர் புள்ளி புள்ளியாக அரிக்கும், 316 வகை அதைவிட நல்லது. கடல்நீர் என்றால் அதுவும் போதாது. கழிவுநீருக்கு அகல வாய் இம்பெல்லர் உள்ள பம்ப்தான், சுத்தநீர்ப் பம்பை அங்கே மாட்டிப் பார்க்கவே வேண்டாம்.

ஓட்டுவதற்கு வருகிறேன். புதிய பம்பைத் தொடங்கும் முன் கையால் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பாருங்கள், இலகுவாகச் சுற்ற வேண்டும். பிறகு டிஸ்சார்ஜ் ஃபிளாஞ்சின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். குழாய் நகர்ந்தால் அது பம்பின் மேல் சாய்ந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு கவனமாக அலைன்மென்ட் செய்தாலும் (மோட்டார், பம்ப் ஷாஃப்ட்டுகளை ஒரே நேர்கோட்டில் வைத்தாலும்) அது நிற்காது. தண்ணீர் நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, சக்ஷன் வால்வை முழுவதும் திறந்து, டெலிவரியைக் கொஞ்சம் மட்டும் திறந்து ஓட விட்டு, ஆம்பைப் பார்த்துக்கொண்டே மெல்லத் திறக்க வேண்டும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் டெலிவரி வால்வில் குறையுங்கள். சக்ஷன் வால்வைத் தொடவே கூடாது.

சுற்றும் திசையை ஒவ்வொரு மின்வேலைக்குப் பிறகும் பார்க்க வேண்டும். கேபிள் மாற்றியபோது இரண்டு ஃபேஸ் இடம் மாறிவிட்ட ஓர் இடத்துக்கு ஒருமுறை போயிருந்தேன். இரண்டு மாதமாகத் தண்ணீர் குறைகிறது என்று இம்பெல்லரையே மாற்றியிருந்தார்கள். சென்ட்ரிஃபியூகல் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் தண்ணீர் தரும், ஆனால் குறைவாக. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வயரை மாற்றியதும் அழுத்தமானி தன் இடத்துக்கு ஏறியது.

வால்வை முழுக்க மூடி நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். ஷாஃப்ட்டில் போகும் 2.5 கிலோவாட் முழுவதும் பம்புக்குள் இருக்கும் 10 லிட்டர் நீரைத்தான் சூடாக்கும், நிமிடத்துக்கு மூன்றரை டிகிரி. கால் மணி நேரத்தில் நீர் 50 டிகிரிக்கு மேல் சூடேறிவிடும், அப்படியே விட்டால் சீல் கெடும். டோசிங் பம்ப், திருகுப் பம்ப் போன்ற இடப்பெயர்ச்சி வகைகளை மூடிய வால்வுக்கு எதிராக ஒரு விநாடிகூட ஓட்டக் கூடாது. அவை எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் தள்ளும், ஏதாவது ஒன்று உடையும்.

மின்சாரம் திடீரென்று போகும்போது குழாயில் விழும் அடியையும் நினைவில் வையுங்கள். ஓடும் தண்ணீரின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர் சட்டென்று மாறினால் எஃகுக் குழாயில் 12 பார் அளவுக்கு அழுத்தம் எகிறும். ரஷ்ய அறிவியலாளர் ஜுகோவ்ஸ்கி 1898-இல் வெளியிட்ட சமன்பாடு இது. தொங்குகதவு வகை என்.ஆர்.வி. (நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) தாமதமாக மூடுவதால், திரும்பி வரும் தண்ணீர் அதை அறைந்து சாத்தும். மேலேறும் நீண்ட குழாய்க்கு ஸ்பிரிங் வகை நல்லது. சாஃப்ட் ஸ்டார்ட்டர் இருந்தால் மெல்ல நிறுத்தும் வசதியைப் பயன்படுத்துங்கள், ஆனால் மின்தடையில் அது உதவாது.

மோட்டாரைக் குறைந்த மின்னோட்டத்தில் தொடங்கிவைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓவர்லோடு ரிலே (ஆம்ப் மிகுந்தால் நிறுத்துவது) டெல்டாவுக்குள் இருந்தால் தகட்டில் உள்ள ஆம்பின் 58 சதவீதத்துக்கு அமைக்க வேண்டும். முழு ஆம்புக்கு வைத்துவிட்டுப் பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பி எரிந்த மோட்டார்கள் ஏராளம். ஃபேஸ் போனால் நிறுத்தும் ரிலேயும், சம்ப் வற்றினால் நிறுத்தும் ஃப்ளோட்டும் கட்டாயம்.

தினமும் எழுத வேண்டியது நான்கே எண்: சக்ஷன் அழுத்தம், டெலிவரி அழுத்தம், ஆம்ப், ஓடிய நேரம். க்ளாண்ட் பேக்கிங் உள்ள பம்ப் சொட்ட வேண்டும், நிமிடத்துக்கு 40, 50 சொட்டு. அதை இறுக்கி நிறுத்தினால் ஷாஃப்ட் தேயும். மெக்கானிக்கல் சீல் கண்ணுக்குத் தெரியும்படி சொட்டக் கூடாது. பேரிங்கில் கிரீஸைத் திணிக்காதீர்கள், அதிகமானாலும் சூடாகும். மாற்றுப் பம்பை வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட்டுங்கள். நின்றே கிடக்கும் பம்ப் தேவைப்படும் அன்று சுற்றாது.

இனி உங்கள் கட்டடத்தில் செய்ய வேண்டியது. இன்றைக்கே டெலிவரி வால்வை மெல்ல மூடி, சத்தம் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஆம்பும் குறையும். சீல் அடுத்த சில மாதங்கள் தாங்க இது போதும். அடுத்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வால்வை முழுக்க மூடி டெலிவரி அழுத்தத்தைப் படியுங்கள். 1 பார் என்பது 10.2 மீட்டர். அதோடு சம்ப் மட்டத்திலிருந்து மானி வரை உள்ள உயரத்தைக் கூட்டினால் பம்பின் உச்ச ஹெட் கிடைக்கும். வளைகோட்டில் உள்ள எண்ணைவிட நன்றாகக் குறைந்திருந்தால் இம்பெல்லரோ வேர் ரிங்கோ (இம்பெல்லரைச் சுற்றிய தேய்மான வளையம்) தேய்ந்திருக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும்.

தேயவில்லை என்றால் இம்பெல்லரை லேத்தில் கடைந்து விட்டத்தைக் குறைக்கலாம். சரியாக 30 கன மீட்டருக்குக் கொண்டுவர 19 சதவீதம் வாக்கில் வெட்ட வேண்டியிருக்கும், அது அதிகம். 15-ஐத் தாண்டினால் திறன் கெடும். ஆனால் 10 சதவீதம் வெட்டினாலே 50 கன மீட்டர் 40-க்கு இறங்கும், ஹெட் 39, ஷாஃப்ட்டில் 7 கிலோவாட் வாக்கில். தொட்டி மூன்று மணி நேரத்தில் நிறையும், மோட்டாருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். சக்ஷனில் கிடைப்பதும் 4.1 மீட்டராக உயரும். 40 கன மீட்டரில் உங்கள் பம்புக்கு எவ்வளவு தேவை என்பதை மட்டும் வளைகோட்டில் பார்த்துவிட்டு வெட்டக் கொடுங்கள். 3 மீட்டருக்குள் இருந்தால் வெட்டலாம், மேலே போனால் கடைசலுக்குப் பிறகும் வால்வைச் சற்று மூடியே ஓட்ட வேண்டியிருக்கும். பேலன்ஸ் செய்யாமல் வெட்டிய இம்பெல்லரை மாட்ட விடாதீர்கள். இந்தப் பம்பின் ஆயுள் முடியும்போது 30 கன மீட்டர், 38 மீட்டர் என்று எழுதி 7.5 எச்.பி. வாங்குங்கள். அப்போது யாராவது பாதுகாப்புக்காக அடுத்த அளவு போடலாம் என்றால், இந்தக் கணக்குத் தாளை அவர் முன்னால் வையுங்கள்.